கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் ஏன் கசக்கிறது?

கண்ணுக்குத்தான் மருந்து விட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கிறது. வெள்ளவத்தை பாமசிக்காரர் பழைய மருந்தைத் தந்துவிட்டாரா? இல்லை. பாவம், அவரைத் திட்டாதீர்கள். விஷயம் வேறு.

முதலில் அலுப்பான பகுதி, ஒரே மூச்சில்: கண் சிவந்தாலே பற்றீரியா இல்லை. பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் வைரஸ், அதற்கு அன்டிபயோட்டிக் துளி வீண். சரி, முடிந்தது.

[திரையில்: ஒரு துளி, மிகப் பெரிதாக]

இப்போது எனக்குப் பிடித்த இடம். ஒரு துளி ஏறத்தாழ 40 மைக்ரோலீற்றர். இமைக்குள் மிஞ்சிப்போனால் 30 தான் பிடிக்கும். அதிலும் 7 மைக்ரோலீற்றர் கண்ணீர் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது. காலை 8 மணிக்குக் கொழும்பின் காலி வீதியில், நிரம்பி வழியும் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், புரியும். இடம் கிடைக்காத மருந்து கன்னத்தில் வழியும். இல்லாவிட்டால் இமையோரச் சின்னத் துளையால் மூக்குக்குள் இறங்கி, தொண்டைக்குப் போகும். கசப்பு அதுதான்!

இப்படி ஓடிவிடும் என்பதால்தான் துளியில் மருந்தை அவ்வளவு செறிவாகச் சேர்க்கிறார்கள். குளோரம்பெனிக்கோல் என்ற அன்டிபயோட்டிக் துளியில் மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம். மாத்திரை விழுங்கி இரத்தத்தில் அந்த அளவைக் கொண்டுவரவே முடியாது. ஆய்வுகூடமோ இரத்தத்தில் சேரும் அளவை வைத்துத்தான் 'இந்தக் கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் சக்தி உண்டு' என்று எழுதுகிறது. அதனால் அறிக்கை கைவிரித்த பிறகும் சில கண்கள் அதே துளியில் குணமாகிவிடும். எவ்வளவு அழகான குழப்பம்!

ஆனால் மூக்குக்குப் போனது நீர்த்த மருந்து. அங்கே குடியிருக்கும் ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற பற்றீரியா எல்லாம் சாகாது, தப்பியது பெருகும். மருந்தை எதிர்க்க இலவச டியூஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டியூஷன் முடித்த கிருமி என்ன செய்யும்? 2023இல் அமெரிக்காவில், சென்னைப் பக்கம் தயாரான செயற்கைக் கண்ணீர்த் துளியோடு தொடர்பான சூடோமோனாஸ் என்ற ஒரு பற்றீரியா பரவியது. கைவசம் இருந்த அன்டிபயோட்டிக் ஏறக்குறைய எதுவும் எடுபடவில்லை. 81 பேருக்குத் தொற்று, 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள்.

கொன்டாக்ட் லென்ஸ் போடுபவரா? கண் வலித்து வெளிச்சம் கூசுகிறதா? வீடியோவை நிறுத்துங்கள், இன்றைக்கே கண் வைத்தியசாலைக்குப் போங்கள். லைக் பிறகு போடலாம்.

மற்றவர்கள் அடுத்த துளி விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்துங்கள். கசந்ததா, இல்லையா? கொமண்டில் சொல்லுங்கள்.