ஐந்து ரூபாய்க் கவரும் ஆயாவின் ஊஞ்சலும்

வணக்கம் நேயர்களே. மழை விட்ட மறுநாள் காலையில் கோட்டை அகழியை ஒட்டிய பூங்காவுக்குப் போகப்போகிறேன் என்று போன காணொளியில் சொல்லியிருந்தேன். போனேன், முதல் அரைமணி நேரம் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை.

இரவெல்லாம் ஏசி ஓடிய அறையில் கிடந்த கேமராவை அப்படியே கொண்டுபோய்ப் பூங்காவில் மூடியைக் கழற்றினால், லென்ஸ் முழுவதும் வெண்ணிறமாகப் பனி மூடிக் கிடக்கிறது. குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டதும் நீர்த்துளியாகப் படிந்துவிட்டது. லென்ஸைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள் என்று உங்களுக்கு எத்தனையோ முறை சொன்ன நானே சட்டையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மறுபடியும் படிந்தது. கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வரும்வரை அது அப்படித்தான் இருக்கும்.

அன்று மாலை ஒரு கடையில் கேட்டபோது, இதற்கென்றே தனிப் பை இருக்கிறது, அறுநூற்றைம்பது ரூபாய் என்றார்கள். அறுநூற்றைம்பது! நான் மளிகைக் கடைக்குப் போய் ஐந்து ரூபாய்க்கு ஒரு பெரிய ஜிப் கவர் வாங்கினேன். ஏசி அறையிலேயே கேமராவை அதற்குள் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, மறுநாள் பூங்காவில் அரைமணி நேரம் திறக்காமல் பெஞ்சில் வைத்திருந்தேன். ஈரமெல்லாம் கவரின் வெளிப்புறத்தில்தான் படிந்தது. லென்ஸில் ஒரு சொட்டும் இல்லை. மிச்சமான அறுநூற்று நாற்பத்தைந்து ரூபாயை வீட்டில் இதுவரை நான்கு முறை சொல்லிக் காட்டிவிட்டேன்.

அந்த மறுநாள்தான் ஆயாவும் அக்கா மகளும் உடன் வந்திருந்தார்கள். சிரி, இங்கே பார் என்று நிற்கவைத்து எடுக்கும் படங்கள் எனக்கு அறவே பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தையை ஊஞ்சலில் ஆட்டிவிட்டுக்கொண்டிருந்த ஆயா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பக்கத்து ஊஞ்சலில் தானே உட்கார்ந்துவிட்டார். நான் புல்லில் மண்டியிட்டு, அவர் முகத்தின் உயரத்துக்குக் கேமராவை இறக்கினேன். ஊஞ்சல் மேலே போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் அழுத்தினால் ஷட்டர் வேகம் சற்றுக் குறைந்தாலும் முகம் கலங்காது. ஆறாவது தடவையில் கிடைத்தது: புடவை முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சங்கிலியை இறுக்கிப் பிடித்தபடி ஆயா.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கவர் பெஞ்சில் கிடந்த அரைமணி நேரத்தில் இட்லிப்பூச் செடியில் ஒரு தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. பறந்தபடியே தேன் குடிக்கும் பறவை என்று பலர் நினைத்தாலும், நம் ஊர்த் தேன்சிட்டு பெரும்பாலும் கொம்பைப் பற்றிக்கொண்டுதான் குடிக்கும். ஆகையால் எடுப்பதற்கு எளிது. கேமரா கவருக்குள் இருந்ததால் வெறும் கண்ணால் பார்த்தேன். அலகின் அடியில் ஒரு பூவிதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆயாவிடம் படத்தைக் காட்டினேன். முந்தானையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இடது கால் செருப்பு கழன்று விழுந்ததும் படத்தில் இருக்கிறதே, அதை மறைத்து எடுத்திருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டார்.