காலியான ஆலையில் ஒரு பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் விளம்பரங்களுக்கு ஒலிப்பதிவு செய்து பிழைத்தவன் நான். சோப்பு, காபித்தூள், சிமெண்ட், நகைச்சீட்டு என்று எல்லாவற்றுக்கும் பின்னால் என் கை பட்ட சத்தம் ஏதாவது இருந்திருக்கும். தேர்தல் விளம்பரம் பற்றிப் பேசக் கூப்பிட்டபோது, எனக்கு அரசியல் தெரியாதே என்று தயங்கினேன். "சத்தம் தெரியும் அல்லவா, அதைச் சொல்லுங்கள்" என்றார்கள். சரி, சத்தத்தையே சொல்கிறேன்.

2012-இல் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். பதவியில் இருந்தவர் பராக் ஒபாமா. எதிர்த்து நின்றவர் மிட் ராம்னி. அந்த வருஷம் ஜனவரி 30 அன்று, புளோரிடா மாநிலத்தில் தி வில்லேஜஸ் என்ற இடத்தில் ராம்னி ஒரு கூட்டத்தில் பேசினார். பணி ஓய்வு பெற்றவர்கள் நிறைய பேர் குடியிருக்கும் இடம் அது. மறுநாள் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு. பேசிக்கொண்டே வந்தவர், அவர்கள் ஊர்த் தேசபக்திப் பாட்டான 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' பாட ஆரம்பித்துவிட்டார். சுருதி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. போகட்டும், பாகவதரா என்ன? வீட்டு விசேஷத்தில் மாமா ஒருவர் திடீரென்று பாட ஆரம்பிப்பாரே, அப்படித்தான். சுற்றி இருந்தவர்களும் கூடச் சேர்ந்து பாடினார்கள். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

ஆறு மாதம் கழித்து, ஜூலை 14 அன்று, ஒபாமாவின் பிரச்சாரக் குழு அந்தக் குரலை எடுத்து முப்பது வினாடி விளம்பரம் ஒன்றைச் செய்து வெளியிட்டது. வர்ணனைக் குரல் கிடையாது. திட்டும் கிடையாது. ராம்னி பாடிக்கொண்டே இருக்கிறார். படத்தில் காலியான ஆலை, காலியான அலுவலகம். திரையில் எழுத்து மட்டும் வந்து போகிறது: அவருடைய நிறுவனங்கள் வேலைகளை மெக்ஸிகோவுக்கு அனுப்பின, சீனாவுக்கு அனுப்பின, ஆளுநராக இருந்தபோது வேலையை இந்தியாவுக்குக் கொடுத்தார், சுவிஸ் வங்கியில் அவருக்குக் கணக்கு இருந்தது.

இங்கேதான் என் தொழில் வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரல் கூட்டத்தில் கேட்ட மாதிரி கேட்காது, எதிரொலிக்கும். நாங்கள் ரிவெர்ப் என்போம். ஆள் நிறைந்த கல்யாண மண்டபத்தில் யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள். பட்டுப்புடவையும் வேட்டியும் ஜமக்காளமும் சத்தத்தைக் குடித்துவிடும். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, நாற்காலியை அடுக்கிவிட்டு, அதே மண்டபத்தில் கூப்பிட்டால்? குரல் சுவரில் மோதித் திரும்பி வரும். யாருமே இல்லை என்று காது நமக்குச் சொல்லிவிடும். ஆலை மூடிவிட்டது, ஆள் போய்விட்டார்கள் என்று அந்த விளம்பரம் வாய்திறந்து சொல்லவேயில்லை. நம் காதுதான் சொல்லிக்கொண்டது. அதுவும் எதிராளியின் சொந்தக் குரலிலேயே. இன்னொரு தடவை சொல்கிறேன், எதிராளியின் சொந்தக் குரல். அதை அவர் மறுக்க முடியாது. நான் பாடவில்லை என்று எப்படிச் சொல்வார்?

ராம்னி தரப்பு சும்மா இருக்குமா? ரெண்டு நாளில் பதில் விளம்பரம் வந்தது. ஒபாமாவும் ஜனவரியில் நியூயார்க் ஹார்லெமில் உள்ள அப்பல்லோ அரங்கில் ஆல் கிரீன் என்ற பாடகரின் பாட்டில் ஒரு வரி பாடியிருந்தார். அந்த வரியைப் போட்டு, கட்சிக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அரசாங்கச் சலுகை என்று தாக்கினார்கள். இதில் ரெண்டு சிக்கல். ஒன்று, பாட்டின் உரிமை வைத்திருந்த நிறுவனம் புகார் செய்ய, யூடியூப் அந்த விளம்பரத்தைக் கொஞ்ச காலம் எடுத்துவிட்டது. ராம்னி பாடியதோ நூறு வருஷத்துப் பாட்டு, அதற்கு யாரும் உரிமை கேட்டு வரமாட்டார்கள். ரெண்டாவது சிக்கல்தான் பெரியது: ஒபாமா நன்றாகப் பாடிவிட்டார்! நன்றாகப் பாடுகிறவரைப் பாடவைத்துத் திட்ட முடியாது. முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், நம்புங்கள்.

சரி, ஒபாமா விளம்பரம் சொன்னதெல்லாம் உண்மையா? ராம்னி 1984-இல் தொடங்கிய பெய்ன் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனம் பணம் போட்ட கம்பெனிகளில் சில, வெளிநாட்டுக்கு வேலை கொண்டுபோன கம்பெனிகள். இதை 2012 ஜூனில் வாஷிங்டன் போஸ்ட் விரிவாக எழுதியது. ஆனால் 1999 பிப்ரவரியிலேயே குளிர்கால ஒலிம்பிக்ஸ் வேலைக்குப் போய்விட்டேன், பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்றார் ராம்னி. அதற்குப் பிறகும் அவர்தான் நிர்வாகத்தை நடத்தினார் என்பதற்குச் சான்று இல்லை என்று, அரசியல்வாதிகள் பேச்சில் உண்மை பார்க்கும் ஃபேக்ட்செக் அமைப்பும் சொன்னது. அப்புறம் ஜூலையில் பாஸ்டன் குளோப் பத்திரிகை, 2002 வரை அரசாங்கப் பதிவுகளில் அவர் பெயரே பெய்னின் தலைமை நிர்வாகி என்று இருப்பதை எடுத்துப் போட்டது. போதாக்குறைக்கு, அவுட்சோர்சிங் வேறு, ஆஃப்ஷோரிங் வேறு என்று ராம்னி தரப்பு பாடம் நடத்தியது.

வித்தியாசம் உண்டுதான். வீட்டில் மாவு அரைக்காமல் தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு வாங்கினால் அது அவுட்சோர்சிங். கடை உள்ளூர்தான், அரைக்கிறவரும் உள்ளூர்தான். அந்த மாவு மில்லையே கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்தால் அது ஆஃப்ஷோரிங். புரிகிறது இல்லையா? ஆனால் மில்லில் வேலை பார்த்தவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒபாமா புளோரிடாவில் பேசும்போது அதைத்தான் பிடித்துக்கொண்டார்: வேலை வெளிநாட்டுக்குப் போய்விட்டவருக்கு இந்த ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் சொல்ல ஆள் தேவையில்லை என்று. குற்றம் சொல்ல முப்பது வினாடி போதும். மறுப்பதற்கு அகராதி, தேதி, பதிவுப் பத்திரம் எல்லாம் வேண்டியிருந்தது.

அதே கோடையில் இன்னொரு விளம்பரம். இதை ஒபாமாவின் ஆதரவாளர்கள் தனியாக நடத்திய ஓர் அமைப்பு வெளியிட்டது. 2010-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, இப்படிப்பட்ட அமைப்புகள் வரம்பில்லாமல் பணம் திரட்டலாம் என்று ஆகிவிட்டது. இதில் இண்டியானா மாநிலத்து மேரியன் ஊரில், பெய்ன் பணம் போட்ட கம்பெனியின் காகிதப் பொருள் ஆலையில் வேலை பார்த்த தொழிலாளி ஒருவர் பேசுகிறார். ஒரு நாள் முப்பது அடி மேடை ஒன்றைக் கட்டச் சொன்னார்கள், கட்டினோம், எதற்கு என்று தெரியாது என்கிறார். சில நாளில் மூன்று ஷிஃப்ட் ஆட்களையும் கூட்டி, அந்த மேடையில் ஏறி நின்று, ஆலை மூடப்படுகிறது, எல்லோருக்கும் வேலை போய்விட்டது என்று சொன்னார்களாம். என் சவப்பெட்டியை நானே செய்த மாதிரி இருந்தது என்கிறார். கவனியுங்கள், இது வெளிநாட்டுக்கு வேலை போன கதையே கிடையாது. ஆனால் ரெண்டு விளம்பரத்தையும் அடுத்தடுத்துக் கேட்டவருக்கு ரெண்டும் ஒரே கதையாக ஒட்டிக்கொள்ளும்.

இப்போது நம் பக்கம். அந்த விளம்பரத்தில் வந்த இந்தியா என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது ஒரு தொலைபேசி மையம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உணவு உதவி அட்டை வைத்திருக்கும் ஏழைகள் சந்தேகம் கேட்டு அழைத்தால், ஒப்பந்தக்காரர் வழியாக அந்த அழைப்பு இந்தியாவுக்கு வந்தது. இப்படி வெளிநாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2004-இல் சட்டமன்றம் சொன்னது. அப்போது அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்த ராம்னி அதை ரத்து செய்தார். விஷயம் அவ்வளவுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேறு பெயர் சொல்லிப் பேசிய நம் பிள்ளைகள், இழுபறியாக இருந்த ஓஹையோ மாநிலத்தில் ஓட்டு வாங்கும் சரக்கானார்கள். இதே ஒபாமா 2010 நவம்பரில் மும்பையில், இந்தியாவை வெறும் கால் சென்டர் நாடாகப் பார்ப்பது கேலிச்சித்திரம் என்று பேசியவர். அதற்கும் முன்னால், 2007-இல், அவருடைய குழு, கட்சிக்குள் அவரோடு போட்டியிட்ட ஹிலாரி கிளின்டனை, இந்தியாவோடு ரொம்ப நெருக்கம் என்று, 'பஞ்சாப் தொகுதிக்காரர்' எனக் கிண்டல் செய்து நிருபர்களுக்குக் குறிப்பு கொடுத்து மாட்டிக்கொண்டது. அமெரிக்கவாழ் இந்தியர்கள் கொதித்தார்கள். அது தவறு என்று ஒபாமா ஒத்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். ரெண்டு நிமிஷமாம். ஜீப் கதைக்கு நிறைய நேரம் ஒதுக்கியிருந்தேன், அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் கடைசியில் ராம்னி அதே ஆயுதத்தைக் கையில் எடுத்தார். ஜீப் செய்யும் கிரைஸ்லர் கார் கம்பெனியை ஒபாமா இத்தாலியருக்கு விற்றுவிட்டார், அவர்கள் சீனாவில் ஜீப் செய்யப்போகிறார்கள் என்று ஓஹையோவில் விளம்பரம். ஓஹையோவின் டொலிடோ ஜீப் தயாராகும் ஊர். தன் வேலை இருக்கிறதா இல்லையா என்று அங்கே தெரியாதவர் யார்? சீன ஆலை சீனச் சந்தைக்குத்தான். கிரைஸ்லரின் தலைவர் செர்ஜியோ மார்க்கியோன், அமெரிக்காவில் ஜீப் உற்பத்தி தொடரும் என்று ஊழியர்களுக்கே கடிதம் எழுதினார். பொலிட்டிஃபாக்ட் என்ற இன்னொரு உண்மை பார்க்கும் அமைப்பு அந்த விளம்பரப் பேச்சை அந்த வருஷத்தின் பெரிய பொய் என்று அறிவித்தது. நவம்பர் 6 அன்று ஓஹையோ ஒபாமாவுக்குப் போயிற்று. நாடு முழுக்கக் கூட்டினால், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகள் ஒபாமாவுக்கு 332, ராம்னிக்கு 206.

இந்த விளம்பரங்களால்தான் போயிற்றா என்று கேட்பீர்கள். மோட்டார் தொழிலுக்கு அரசு கொடுத்த கடனும் அதில் உண்டு, வேறு பலதும் உண்டு. நம் ஊரில் கட்சி விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் போட முன்அனுமதிச் சான்றிதழ் வேண்டும், அங்கே வேட்பாளரின் விளம்பரத்தில் ஒரு சொல்லைக்கூட நிலையம் வெட்ட முடியாது, அதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். கையைச் சுழற்றுகிறார்கள். நேயர்களே, வணக்கம்.