தமிழ்த் தாளை யார் படிக்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது நெறிமுறைக் குழுவில், சில ஆண்டுகள் இருந்தேன். புது மருந்தை ஆட்களுக்குக் கொடுத்துச் சோதிக்கலாமா என்று பார்த்து அனுமதி தரும் குழு அது. நான் டாக்டர் இல்லை. பள்ளியில் தமிழ் நடத்தியவன். டாக்டர்களும் வக்கீலும் உட்காரும் மேசையில் தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை? 2019-ல் வந்த மருந்துப் பரிசோதனை விதிகளைப் பாருங்கள். குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும். பாதிப் பேராவது வெளியாட்களாக இருக்க வேண்டும். துறை சாராத சாதாரண ஆள் ஒருவர் கூட்டத்தில் இல்லையென்றால் எந்த மருந்துப் பரிசோதனைக்கும் அனுமதி தர முடியாது.

விதி சரி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் தடிமனான ஒரு காகிதக் கட்டு வீட்டுக்கு வந்தது. எல்லாம் ஆங்கிலம். கடைசியில், நோயாளிக்குக் கொடுக்கும் தகவல் தாள் மட்டும் தமிழில். அதில் 'நீங்கள் சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்' என்று இருந்தது. யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் மாதிரிதான் முடிவு செய்வார்களாம். டாக்டரிடம் கேட்டுத்தான் எனக்கே புரிந்தது. கைநாட்டு வைக்கப்போகிற பாட்டி யாரிடம் கேட்பார்?

2009-ல், அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி ஆய்வு நடந்தது. பல சம்மதப் படிவங்களில் பெற்றோர் போடவேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசியை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கையெழுத்துதான் மனதை உறுத்துகிறது.

என்ன செய்யலாம்? தாள்கள் பத்து நாள் முன்பே வர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் முதல் வேலையாகத் தமிழ்த் தாளை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்புறம், அனுமதி கொடுத்ததோடு கோப்பை மூடிவிடாமல், ஒப்புதல் வாங்கும் இடத்துக்குக் குழு போய் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஒரு கூட்டத்தில் நாங்கள் அப்படிச் சத்தமாகப் படித்துப் பார்த்தோம். டீ கொண்டுவந்த அம்மா நின்று கேட்டுவிட்டு, "நடுவுல வேணாம்னு சொன்னா இங்க வைத்தியம் பாப்பாங்களா சார்?" என்றார். பார்ப்பார்கள், அது நோயாளியின் உரிமை. தாளிலும் இருந்தது, ஐந்தாம் பக்கத்தில். அன்றைக்கே அதை முதல் பக்கத்துக்கு மாற்றச் சொன்னோம்.