நூத்தி இருபது ரூபா டைமரும் ஒரு ஸ்டேஷன் நடையும்

வணக்கம் மக்களே! அதே தண்டையார்பேட்டை, அதே மொட்டை மாடி. காக்கா சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, உங்களுக்குப் பழகிருக்கும்.

ஆபீஸ் டென்ஷன் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு, போன வாரம் நைட்டு எட்டு மணிக்கு மேல போனை அரிசி டப்பாக்குள்ள போட்டுடுவேன்னு சீன் போட்டேன்ல? ஊத்திக்கிச்சுபா. எட்டு இருபதுக்கு ஆபீஸ் கால். வைப்ரேஷன்ல டப்பா கடகடன்னு ஆடுது, அம்மா எலின்னு நெனச்சு தொடப்பத்தோட வந்துட்டாங்க.

சரி, புதுசு இது. பாருங்க, தக்காளி! சமையல் டைமர். மன்னடில மெட்ரோ எறங்கி பர்மா பஜார் போய் வாங்குனேன். ஒரு கடையில முந்நூறு சொன்னாரு. முந்நூறா? ரெண்டு கிலோ கூட வெயிட் இல்ல, இதுக்கு முந்நூறா? நூறுன்னேன், மூஞ்சிய திருப்பிக்கினாரு. நானும் நடந்தேன். நாலே கடை தள்ளி இதே தக்காளி, இதே சிவப்பு, நூத்தி இருபது! திரும்ப அந்த வழியாவே வந்தேன், வேணும்னே, கையில ஆட்டிக்கினே. அந்த சந்தோஷத்துல பர்மா நூடுல்ஸ், அதான் அத்தோ, ஒரு பிளேட். மொறுமொறுன்னு பொரிச்ச பேஜோ எக்ஸ்ட்ரா, அத நொறுக்கிப் போடாத அத்தோ எனக்கு ஆகாது, தெரியுமே உங்களுக்கு.

எதுக்கு தக்காளின்னா, இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980கள் கடைசில படிக்கிற காலத்துல இப்டி ஒரு தக்காளி டைமர வெச்சுதான் பொமோடோரோங்கற வேலை முறைய ஆரம்பிச்சாரு. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ரெஸ்ட். நாலு ரவுண்டு ஆனா பெரிய ரெஸ்ட். பொமோடோரோன்னா அவங்க பாஷைல தக்காளிதான்.

வீட்ல இருந்து வேலை பாக்குற செவ்வா, வியாழன்ல வெச்சுப் பாத்தேன். முதல் நாள் இருபதாவது நிமிஷமே அடிச்சிடுச்சு, ஏமாத்திட்டான்னு கடைக்காரரை ஒரு மணி நேரம் திட்டுனேன்... ஆங், சொல்ல மறந்துட்டேன், சாவி டைமர முழுசா ஒரு சுத்து சுத்திட்டுதான் 25க்குத் திருப்பணுமாம். நேரா 25ல வெச்சது நம்ம தப்பு. சாரிண்ணே.

ஆனா எனக்கு நெஜமா வேலைக்கு ஆனது இன்னொண்ணு. ஓசி. கிண்டி ஆபீஸ்லேர்ந்து வரும்போது நம்ம ஸ்டேஷனுக்கு முன்னாடி, தியாகராயா காலேஜ்லயே எறங்கிடுறேன். வண்ணாரப்பேட்டைலயே எறங்கலாம்தான், எம்.சி. ரோடு இழுத்துக்கும், சுடிதார் மெட்டீரியலோடதான் வீட்டுக்கு வருவேன். டி.எச். ரோட்ல நடந்துகினே அன்னிக்கு ஆபீஸ்ல நடந்தத ரெக்கார்டர்ல திட்டித் தீக்கிறேன். பக்கத்துல போறவங்க யார்கிட்டயோ போன்ல சண்டைன்னு நெனைப்பாங்க. எங்க தெருமுனை வந்ததும் டெலிட். வீட்டுக்குள்ள நொழையும்போது சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. பத்து நாள்ல ரெண்டு நாள்தான் தவறிருக்கு, அதுல ஒண்ணு மழை.

அம்மாவே கேட்டாங்க, "இன்னாடி, இப்பல்லாம் வந்ததும் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கறதில்ல?"ன்னு.

இருங்க, கீழ மணி அடிக்குது. என் தக்காளி இங்கதான... அய்யோ, இங்க வெச்சது எங்க? அம்மா! இட்லிக்கு அத எடுக்காதீங்கன்னு எத்தினி தபா சொல்றது!