பேர் மாறினாலும் பட்டாளத்துக்காரர் பட்டாளத்துக்காரர்தான்: அமெரிக்காவோட திருநர் படைவீரர்கள்

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளை போட்டோ, கையில துப்பாக்கியோட குள்ளமான ஒரு சிப்பாய்]

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஒரு வயசான சிப்பாய்கிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

பேரு ஆல்பர்ட் கேஷியர். 1862-ல இல்லினாய்ஸ் 95-வது காலாட்படையில சேர்ந்தாரு. ஆள் குள்ளம்தான், ஆனா அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கிட்டத்தட்ட நாப்பது சண்டை பாத்தவரு. போர் முடிஞ்சதும் சானமின்னு ஒரு சின்ன ஊர்ல போய் உக்காந்துட்டாரு, பண்ணை வேலை, சர்ச்சுல கூட்டிப் பெருக்குற வேலை, சாயங்காலம் ஆனா தெருவிளக்கு ஏத்துற வேலைன்னு கிடைச்சதை செஞ்சுக்கிட்டு தனியா வாழ்ந்தாரு. 1911 வாக்குல ஒரு கார் மோதி கால் முறிஞ்சுது. வைத்தியம் பாத்த டாக்டருக்கு அப்பதான் தெரிஞ்சுது, இவரு பொண்ணாப் பொறந்தவருன்னு. அயர்லாந்துல பொறந்தப்போ வச்ச பேரு ஜென்னி ஹாட்ஜர்ஸ்.

அவரு காலத்துல திருநம்பிங்கற வார்த்தை கிடையாது. ஆனா அம்பது வருஷத்துக்கு மேல ஆம்பளையாவே வாழ்ந்த மனுஷன், அதனால நான் அவருன்னுதான் சொல்லுவேன்.

கொஞ்ச நாள் விஷயம் வெளிய வரல, டாக்டரும் வாயத் திறக்கல. அப்புறம் வயசாகி ஞாபகம் தடுமாற ஆரம்பிச்சதும் 1914-ல மனநல ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க. அங்க வலுக்கட்டாயமா பாவாடை கட்டவச்சாங்க, எழுபது வயசு சிப்பாய்க்கு. இது போதாதுன்னு பென்ஷன் ஆபீஸ் வேற விசாரணையை ஆரம்பிச்சுது, ஒரு பொண்ணு எப்படி ராணுவத்துல இருந்திருக்க முடியும், இது மோசடியான்னு.

அப்ப வந்து நின்னது யாருன்னா, அவரோட 95-வது படைப்பிரிவு ஆளுங்க. எல்லாரும் கிழவனுங்க. எங்ககூட விக்ஸ்பர்க் சண்டையில நின்னது இதே ஆள்தான்னு சாட்சி சொன்னாங்க. பென்ஷன் நிக்கல, கடைசி வரைக்கும் வந்துச்சு.

நூறு வருஷத்துக்கு முந்தின இந்தக் கதையை ஏன் சொல்றேன்னா, இன்னைக்கு அமெரிக்காவுல திருநர் படைவீரர்கள் ஒருத்தரை ஒருத்தர் தேடுறதுக்கும் காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். நீ அங்க இருந்த, எனக்குத் தெரியும்னு சொல்ல ஒரு ஆள் வேணும்.

[திரையில்: ஒரு டிஸ்சார்ஜ் பேப்பரோட மாதிரி, பேர் இருக்குற கட்டம் மட்டும் பெருசா]

இந்தப் பேப்பரைப் பாருங்க. அமெரிக்க ராணுவத்தை விட்டு வர்றப்ப கையில குடுக்குறது, டிடி 214-ன்னு பேரு. எத்தனை வருஷம் இருந்தாங்க, என்ன மெடல் வாங்குனாங்க, எப்படி வெளிய வந்தாங்க, எல்லாம் இதுல இருக்கும். வேலை, வீட்டுக்கடன், ஆஸ்பத்திரி, எங்க போனாலும் மொதல்ல கேக்குறது இதைத்தான். இப்ப ஒரு திருநங்கை பேரை சட்டப்படி மாத்திட்டாங்க, ஆனா பேப்பர்ல பழைய ஆம்பளைப் பேருதான் இருக்குன்னு வச்சுக்குங்க. கவுண்டர்ல அதை நீட்டுற ஒவ்வொரு தடவையும் முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆள்கிட்ட தன்னோட மொத்தக் கதையையும் சொல்லியாகணும். அப்படி சொல்றதுக்கு பதிலா சலுகையே வேணாம்னு பேப்பரை மடிச்சு உள்ள வச்சுடலாம்னு தோணாதா? இதைத் திருத்த எங்க எழுதணும், எந்த ஆவணத்தை சேர்த்து வைக்கணும்ங்கறதை, ஏற்கனவே அந்த வழியில போய் வந்தவங்கதான் நல்லா சொல்லிக் குடுக்க முடியும்.

ஆனா அவங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 2014-ல வில்லியம்ஸ் இன்ஸ்டிட்யூட்ங்கற ஆராய்ச்சி நிறுவனம் போட்ட மதிப்பீடு, அமெரிக்காவுல சுமார் 1,34,300 முன்னாள் படைவீரர்கள் திருநர்னு. கொஞ்சம் பேரில்ல. ஆனா சர்வீஸ்ல இருந்தப்ப வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், அதனால ஒரே பேரக்ஸ்ல பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தாக்கூட ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிய வாய்ப்பில்ல. வெளிய வந்தப்புறமும் சிக்கல்தான், முன்னாள் ராணுவத்தினர் கூடுற இடத்துல திருநர்னு சொல்லத் தயக்கம், திருநர் கூடுற இடத்துல ராணுவத்துல இருந்தேன்னு சொன்னா அந்த வாழ்க்கை புரியுற ஆள் கம்மி.

[திரையில்: இளநீலம், இளஞ்சிவப்பு, வெள்ளைன்னு அஞ்சு பட்டை இருக்குற கொடி]

இந்தக் கொடியைப் பாத்திருப்பீங்க, நம்ம ஊர்ப் பேரணிகள்லயும் பிடிக்கிறாங்க. 1999-ல இதை உருவாக்கினவங்க மோனிகா ஹெல்ம்ஸ், எழுபதுகள்ல அமெரிக்கக் கடற்படையில நீர்மூழ்கிக் கப்பல்ல வேலை பாத்தவங்க. எப்படித் திருப்பிப் பிடிச்சாலும் நேராவே இருக்கணும்னு யோசிச்சு வச்ச பட்டைங்க இது. நீர்மூழ்கிக் கப்பல்னா யோசிச்சுப் பாருங்க, கடலுக்கு அடியில இரும்புக்குள்ள மாசக்கணக்குல, கதவு சாத்திக்க தனி ரூம்கூட இல்லாத இடத்துல ஒரு ரகசியத்தை வச்சுக்கிட்டு இருக்குறது.

2003-ல ஹெல்ம்ஸும் ஏஞ்சலா பிரைட்ஃபெதரும் சேர்ந்து திருநர் முன்னாள் படைவீரர்களுக்குன்னே டாவாங்கற சங்கத்தை ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் மே மாசம் எல்லாரும் வாஷிங்டன்ல வியட்நாம் நினைவுச் சுவருக்குப் போனாங்க. அந்தச் சுவர் கறுப்பு கிரானைட், கண்ணாடி மாதிரி பாலிஷ், வியட்நாம் போர்ல செத்த 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்க வீரர்களோட பேரை அதுல செதுக்கியிருக்கு. முன்னாடி போய் நின்னா செத்துப்போனவங்க பேர் மேல நம்ம முகம் தெரியும். எனக்கு அந்தக் காட்சி மனசை விட்டுப் போகமாட்டேங்குது. வருஷக்கணக்கா வேற முகத்தோட வாழ்ந்தவங்க, கூட இருந்தவனோட பேர் மேல மொதல் தடவையா சொந்த முகத்தைப் பாத்திருப்பாங்க.

அதுக்கப்புறம் கதவு கொஞ்சம் திறந்துச்சு. 2011-ல முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை, திருநர் வீரர்களை மரியாதையா நடத்தி வைத்தியம் பாக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. சில அரசு ஆஸ்பத்திரிகள்ல பால்புதுமை, அதாவது எல்ஜிபிடி, படைவீரர்களுக்காக பத்து வாரம் கூடிப் பேசுற குழு ஆரம்பிச்சாங்க. 2016 ஜூன்ல ராணுவத்துல திருநர் இருக்கக்கூடாதுங்கற தடையையே எடுத்தாங்க. 2019-ல திரும்பத் தடை, 2021-ல நீக்கம், 2025 ஜனவரியில மறுபடி தடை உத்தரவு, மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் வழக்கு நடக்கும்போதே அதை அமல்படுத்தலாம்னு விட்டுடுச்சு. முழுநேரப் பணியில இருந்தவங்க தானா விலக ஜூன் 6 வரைக்கும் டைம் குடுத்தாங்க. பாலின மனவேதனைன்னு, அதாவது பொறந்தப்போ குறிச்ச பாலினம் மனசோட ஒத்துப்போகாத வேதனைன்னு, மருத்துவப் பதிவு இருந்த படைவீரர்கள் மட்டும் 2024 டிசம்பர் கணக்குப்படி சுமார் 4,240 பேர். விமானப்படையில 15-ல இருந்து 18 வருஷம் சர்வீஸ் முடிச்சவங்களுக்கு முன்கூட்டியே ஓய்வுன்னு குடுத்த அனுமதியைக்கூட திரும்ப வாங்கிட்டாங்க, அதாவது பென்ஷன் போச்சு. அப்படி போனவங்க வீட்டு நிலைமையை நினைச்சா வயிறு எரியுது.

இப்ப வெளிய வர்றவங்களுக்கு முன்னாடியே அந்தச் சுவர் வரைக்கும் நடந்துபோன பெரியவங்க இருக்காங்க. பேப்பர் எப்படித் திருத்தணும், யார்கிட்ட பேசணும், ராத்திரி தூக்கம் வரலன்னா யாருக்கு போன் போடலாம், எல்லாம் அவங்களுக்குத் தெரியும்.

[திரையில்: சானமின் கல்லறைத் தோட்டம், வெள்ளைக்கல்]

ஆல்பர்ட் 1915 அக்டோபர் 10-ஆம் தேதி செத்துப்போனாரு. பாவாடையோட இல்ல, முழு ராணுவ உடுப்புல, ராணுவ மரியாதையோட அடக்கம் பண்ணினாங்க. கல்லுல வெட்டியிருக்குறது அவரு வச்சுக்கிட்ட பேருதான். ஆல்பர்ட் டி. ஜே. கேஷியர், ஜி கம்பெனி, 95-வது இல்லினாய்ஸ் காலாட்படை.