“பணியா?” என்று கேட்ட மாப்பிள்ளை

வணக்கம். இன்று கோபம் பாதி, மகிழ்ச்சி பாதி. கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உறவில் ஒரு கல்யாணம். வாழ்த்த வந்த பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, “குறத்தி வள்ளிக்கு அடித்த யோகம்போல நம் பெண்ணுக்கும் பெரிய இடம் வாய்த்திருக்கிறது” என்றார். பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வள்ளி கதையை இப்படிச் சொன்னால் நான் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

யோகம் யாருக்கு? பரண்மீது நின்று, கவண் வீசி, ஆலோலம் பாடிக் கிளி விரட்டிக்கொண்டிருந்தவள் அவள். சூரபத்மனை வென்ற தேவசேனாபதி முருகன்தான் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், நரைத்த கிழவனாகத் தள்ளாடி வந்து பசிக்கிறது என்றான். அவள் கொடுத்தது தேனும் தினை மாவும்.

அந்தத் தினை மாவுதான் என் மகிழ்ச்சி! நான்காவது முறையில் தேன் விட்டுப் பிடித்த தினை மாவு உருண்டை உடையாமல் நின்றுவிட்டது. போன காணொளியில் பொலபொலவென்று உதிர்ந்ததைப் பார்த்தீர்களே, தேன் குறைவு என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றினேன். கையெல்லாம் பிசுபிசுத்ததுதான் மிச்சம். கால் கிலோ மலைத்தேன் 250 ரூபாய், பாதி பாத்திரத்தோடு போயிற்று. இந்த முறை தினையை வாசனை வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டு அரைத்து, இரண்டு முறை சலித்தேன். சலிப்பதில்தான் சூட்சுமம். பிறகு தேன், கடைசியில் இளஞ்சூடான நெய் இரண்டு ஸ்பூன். ஏலக்காய் போடாதீர்கள், தினையின் மண்வாசனையை அது கெடுத்துவிடும். வெல்லமும் வேண்டாம்.

எங்கே விட்டேன்? வள்ளி கல்யாணம். அதற்கு முன் யானையைச் சொல்லவில்லை. அண்ணன் விநாயகர் யானையாக வர, பயந்துபோனவள் கிழவனைக் கட்டிக்கொண்டாள். அது எல்லோரும் சொல்வது. நான் உருகுவது அதற்கடுத்த இடத்தில்தான். இரவில் முருகன் வள்ளியை அழைத்துக்கொண்டு போகிறான், வேடர்கள் துரத்தி வந்து அம்பு எய்கிறார்கள், சேவல் ஒரு முறை கூவியதும் அத்தனை பேரும் விழுந்துவிடுகிறார்கள். வள்ளியின் அப்பா நம்பிராஜனும் அதில் ஒருவர். தேவனுக்கு என்ன, அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. வள்ளியிடமே “உன் சுற்றத்தை எழுப்பு” என்கிறான். அவள் சொல்ல, எல்லோரும் எழுந்திருக்கிறார்கள். பிறகு அதே சிற்றூருக்குத் திரும்பிப் போய், நம்பிராஜன் கையால் அவளைப் பெற்றுக்கொண்டு, அந்த வீட்டுத் தினை மாவும் தேனும் சாப்பிட்டுவிட்டுத்தான் புதுமணத் தம்பதியாகத் திருத்தணிக்குப் புறப்படுகிறான். கந்தபுராணத்தின் கடைசிப் படலம் இது. போரை அத்தனை பெரிதாகப் பாடிய கச்சியப்பர் இங்கே கொண்டுவந்து முடிக்கிறார்.

திருமுருகாற்றுப்படையில் முருகனின் ஆறு முகங்களுக்கும் ஒவ்வொரு வேலை உண்டு. ஒன்று உலகத்துக்கு ஒளி தருகிறது, ஒன்று வேள்வியைக் காக்கிறது. ஒரு முகத்துக்கோ வள்ளியோடு சிரித்திருப்பது மட்டுமே வேலை. எவ்வளவு அழகு! அருணகிரிநாதர் இன்னும் ஒருபடி மேலே போகிறார்: “பணியா என வள்ளி பதம் பணியும்” என்கிறார். எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டு மனைவியின் காலடியில் பணிகிறவன். மேடையில் மைக்கைப் பிடிப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது படித்துவிட்டு வரட்டும்.

தினையின் விலையைச் சொல்ல மறந்துவிட்டேன், அரைக் கிலோ 55 ரூபாய். மொத்தம் இருபத்து நான்கு உருண்டை வந்தது. மணப்பெண்ணுக்கு ஒரு டப்பா இன்று காலை கொடுத்தனுப்பிவிட்டேன். அவள் அப்பாவுக்குத் தனியாக ஒரு டப்பா, அதை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.