கலக்கிக்கொண்டே உறையவிட்டால்

நேயர்களுக்கு வணக்கம். உலோகம் ஒன்று கெட்டியாக இருக்கும், இல்லையென்றால் உருகி ஓடும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இரண்டுக்கும் நடுவே பாதி உருகி, பாதி உறைந்த ஒரு குழம்பு நிலை உண்டு. என் உழைப்பில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது அதுதான்.

சுத்தமான அலுமினியத்திடம் இந்தப் பேச்சு எடுபடாது. 660 டிகிரி செல்சியஸில் உருகும், அங்கேயே உறையும். அதில் 7 சதவீதம் சிலிக்கானைச் சேர்த்தால் சங்கதியே வேறு. ஏறக்குறைய 615 டிகிரியில் உறையத் தொடங்கி, 577 டிகிரி வாக்கில்தான் முழுதும் உறைந்து முடியும். அந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை.

இனி எனக்குப் பிடித்த கதை. என் மாணவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள்; நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1970களின் தொடக்கம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். பேராசிரியர் மெர்ட்டன் ஃப்ளெமிங்ஸிடம் டேவிட் ஸ்பென்சர் என்ற ஆய்வு மாணவர். வார்ப்புகள் உறையும்போதே ஏன் விரிசல் விடுகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. புதிய வார்ப்பு முறையைத் தேடி அவர் போகவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள். நடுச்சந்தில், 15 சதவீதம் ஈயம் கலந்த வெள்ளீயம். உருளையைத் திருப்பினால் உலோகம் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று அளக்கலாம். அசைக்காமல் உறையவிட்டபோது, ஐந்தில் ஒரு பங்கு கெட்டியானதுமே அது இறுகத் தொடங்கியது. முழுத் திரவமாக இருந்தபோதே சுழற்றத் தொடங்கி, சுழற்றிக்கொண்டே குளிரவிட்டால்? 40 சதவீதம் கெட்டியான பிறகும் ஓடிக்கொண்டிருந்தது!

காரணம் படிகங்களின் வடிவம். சும்மா விட்டால் அவை கிளைவிட்டு வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கலக்கினால் கிளைகள் சிதைந்து உருண்டையாகிவிடும். உருண்டைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்துவிடும். மறுபடியும் சொல்கிறேன்: கெட்டியான பங்கு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும், வடிவம் மாறினாலே ஓட்டம் மாறிவிடும்.

இன்னொரு வேடிக்கை. இப்படி உருண்டைப் படிகம் கொண்ட கட்டியை மீண்டும் பாதி உருகும்வரை சூடாக்கினால், தொடாதவரை தன் உருவம் கலையாமல் நிற்கும். கத்தியை வைத்து அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும். தூரிகையில் இளகி, சுவரில் வழியாமல் நிற்கும் வண்ணப்பூச்சின் குணம்தான்.

இதனால் என்ன லாபம்? வழக்கமான டை காஸ்டிங்கில், அதாவது உலோக அச்சுக்குள் அழுத்தி வார்க்கும் முறையில், உருகிய அலுமினியம் அச்சுக்குள் சீறிப் பாய்கிறது. போகிற போக்கில் காற்றையும் சுருட்டிக்கொள்கிறது. பின்னர் அந்தப் பாகத்தை வலுவேற்ற 500 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மேற்பரப்பில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். குழம்பு நிலையில் இருப்பதோ சீறாது, காற்றைத் தள்ளிக்கொண்டு அமைதியாக முன்னேறும். பாதி ஏற்கெனவே உறைந்துவிட்டதால் சுருக்கமும் குறைவு, அச்சு படும் சூடும் குறைவு.

அப்படியானால் ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? கலக்கித் தயாரித்த கட்டிகளுக்கு விலை கூடுதல். சில டிகிரி பிசகினாலும் கெட்டியான பங்கு மாறிவிடும். அதனால்தான் கட்டியைத் தவிர்த்து, உருகியதை நேராகவே குழம்பாக்கும் முறைகள் பின்னர் வந்தன.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. மக்னீசியத்தைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். அதன் துகள்களை, பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரத்தைப் போலவே, சூடான குழலுக்குள் திருகாணி தள்ளிக் கலக்கி அச்சுக்குள் செலுத்துகிறது. எளிதில் தீப்பற்றும் உலோகத்துக்குத் திறந்த உலையே தேவையில்லை. மடிக்கணினி, கேமரா உறைகள் சில இப்படித்தான் பிறக்கின்றன. வணக்கம்.